தேனீப் பாறையைத் தாண்டும் பாதை

மரக்கன்றைக் குழிக்குள் இறக்கி, மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் மருந்தக்காவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பாறையில் இரும்பு இறங்கும் சத்தம். முதலில் விட்டு விட்டு வந்தது, பிறகு விடாமல் வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஏரிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற பெரிய பாறையின் இடுப்பிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பாறையில் இப்போது யாரும் கை வைக்கக் கூடாது. மழை பிடித்து, தேனீக்கள் தாமாகக் கிளம்பிப் போகிறவரைக்கும் அங்கே ஓர் உளிகூட இறங்காது என்று அவளுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கொடுத்தவன் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்தக் கொழுந்தன். மாநகராட்சியில் பூங்காப் பிரிவுக்கு இஞ்சினியர்.

அவளுக்கு மருந்தக்கா என்று பெயர் வைத்தது சங்கத்துக்காரர்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தாள். ஓய்வு நேரத்தில் ஏரியைச் சுற்றிப் பறவை பார்க்கப் போனவள், மெல்ல இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தில் சேர்ந்து, யாரும் ஏற்றுக்கொள்ள விரும்பாத செயலாளர் வேலையைத் தலையில் கட்டிக்கொண்டாள். ஏரிக்கரையில் மாநகராட்சி போட்ட ஒரு நடைபாதை இருந்தது. நிழலும் பறவைச் சத்தமுமாக அருமையான பாதை. ஆனால் அந்தப் பாறைக்கு முன்னால் வந்ததும் பட்டென்று நின்றுவிடும். அதற்கு அப்பால்தான் நாணற்காடும், பாழடைந்த பம்ப் ஹவுஸும், நாரைகள் கூடு கட்டுகிற இடமும். பாதையைப் பாறையின் இடுப்பு வழியாக அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று சங்கம் வருஷக்கணக்காகக் கேட்டு வந்தது. கொழுந்தன் பூங்காப் பிரிவுக்கு மாறி வந்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் மாநகராட்சி போடும். முள்செடிகளை அகற்றி, கன்று நட்டு, பாதையைப் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு. இப்படிப் பேசி முடிவாயிற்று.

குடும்பத்துக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள் என்று சங்கத்தில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிக்கல் தேனீக்களால் வந்தது. பாறையின் இடுப்பில் ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத் திட்டு ஒன்று ஓடும். படிக்கட்டு அதன் மேல்தான் வரவேண்டும். அந்தத் திட்டுக்கு நேர் மேலே, கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் அடியில், மலைத்தேனீக்கள் கூடு வைத்திருந்தன. ஒவ்வொரு கூடும் ஆளின் கை நீளத்துக்குக் கறுப்பாகத் தொங்கும். அவற்றின் போக்கில் விட்டால் யாரையும் ஒன்றும் செய்யாது. பாறை அதிர்ந்தால் கதை வேறு. வருஷத்தில் பாதி நாள் அவை அங்கே இருக்கும், மழை வந்ததும் காட்டைப் பார்த்துப் போய்விடும். போன பிறகு துளை போடலாமே என்றுதான் அவள் கேட்டாள். ஒரு மாலை அவள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே தேநீர் குடித்தவன், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணி, அது போறவரைக்கும் அங்க ஒரு துளை விழாது. நான் சொல்றேன், போதுமா?"

போதும் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் சென்ற வாரக் கூட்டத்தில் அவன் பேச்சு சரியாக இல்லை. திறப்பு விழாவை முன்கூட்டியே நடத்திவிட மாநகராட்சிக் கமிஷனர் விரும்புகிறார் என்று மட்டும் சொன்னான். அப்போ பாறை என்ன ஆகும் என்று அவள் நேராகக் கேட்டதற்கு, பார்க்கலாம் அண்ணி, பார்க்கலாம் என்று பிடிகொடுக்காமல் நழுவினான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வெயில் கடுமையாக இருக்கிறதென்று, பிற்பகலுக்கு வைத்திருந்த கன்று நடுகிற வேலையைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என சங்கத்தில் முடிவு செய்தபோது, எல்லோருக்கும் தகவல் சொன்னவள் அவனுக்கு மட்டும் சொல்லவில்லை. தேவையென்றால் அவனே கேட்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

ஆகவே சங்கத்து ஆட்கள் வருமுன் துளைகளை முடித்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்த அதே நேரத்தில், சங்கத்து ஆட்கள் பாறைக்கு அப்பால் பம்ப் ஹவுஸ் பக்கம், பின்பக்கச் சாலை வழியாக வந்து, கன்றும் கடப்பாறையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் கையிலிருந்த மண்ணை உதறினாள். சத்தம் போட்டால் ஆட்கள் மிரண்டு ஓடுவார்கள். ஓடினால் இன்னும் மோசம். பக்கத்தில் இருந்த சங்கத் தலைவரிடம் போனாள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெட்டையான உருவம், நீண்ட கழுத்து, எந்நேரமும் கழுத்தில் தொலைநோக்கி. கொக்கு சார் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவர் காதுபடவே சொல்வார்கள்.

"சார், எல்லாரையும் பம்ப் ஹவுஸுக்குள்ள கூட்டிட்டுப் போயி கதவச் சாத்துங்க. ஓட வேணாம். கையக் கைய வீச வேணாம். இப்பவே."

கொக்கு சார் தொலைநோக்கியைத் தூக்கப் போனார். அவள் அதன் மேல் கையை வைத்து இறக்கினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். கன்றுகளை அப்படியே போட்டுவிட்டு ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். அவள் பாறைப் பக்கம் திரும்பினாள். கன்றுகளுக்கு நிழலாகப் போர்த்தியிருந்த தார்ப்பாயை, எதற்கென்று யோசிக்காமலே, உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பாதி வழி போவதற்குள் துளைபோடும் சத்தம் நின்றது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் இன்னொரு சத்தம் கேட்டது. பெரிய துணியை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். பாறையின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று கழன்று, விரிந்து, ஏரியின் மேல் புகைபோல் சுழன்றது. அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது. சொல் எதுவும் இல்லாத வெறும் குரல்.

பாறையில் நடந்தது என்னவென்று அவளுக்குப் பின்னால்தான் தெரியவந்தது. துளை போட வந்தவர் கம்ப்ரசர்க்காரர், நாற்பது வயதுக்காரர், இந்த வேலையில் பழகியவர். திட்டின் மேல் நின்று துளை போடும்போது தவறி ஏரிக்குள் விழுந்துவிடக் கூடாதே என்று இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைப் பாறையில் அடித்த முளையில் முடிந்திருந்தார்கள். தேனீக்கள் இறங்கியபோது அந்தக் கயிறே அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. முடிச்சு முதுகுப் பக்கம். கண்ணைத் திறக்க முடியவில்லை. கீழே கம்ப்ரசர் பக்கத்தில் நின்றிருந்த ஓட்டுநர் ஏரிக்குள் குதித்து, நாணலுக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு தப்பினார். கொழுந்தன் நினைத்திருந்தால் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். நடைபாதை முடிகிற இடத்தில் வண்டி பத்தடி தூரத்தில் கதவு திறந்தபடி நின்றது. அவன் பாறையில் ஏறினான்.

பாறையடிக்கு அவள் வந்து சேர்ந்தபோது இருவரும் பம்ப் ஹவுஸ் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது, சரிந்து வந்தார்கள். கொழுந்தன் ஒரு கையால் கம்ப்ரசர்க்காரரின் சட்டையைப் பிடித்திருந்தான். அறுத்த கயிறு அவர் இடுப்பிலிருந்து தொங்கிக்கொண்டு வந்தது. இருவர் தலையும் தலையாகவே தெரியவில்லை, முழுக்கத் தேனீ. அவள் கழுத்திலும் கையிலும் சுரீர் சுரீரென்று கொட்டு விழுந்தது. தார்ப்பாயை விரித்து மூன்று பேர் மேலும் போட்டாள். அந்த இருட்டுக்குள், ஒருவர் மூச்சு ஒருவர் முகத்தில் அடிக்க, தரையை மட்டும் பார்த்துக்கொண்டு பம்ப் ஹவுஸை நோக்கி நடந்தார்கள். தார்ப்பாயின் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் படபடவென்று மோதிக்கொண்டே வந்தன. கம்ப்ரசர்க்காரரின் கால் இரண்டு தடவை மடங்கியது. இரண்டு தடவையும் கொழுந்தன் தூக்கி நிறுத்தினான்.

பம்ப் ஹவுஸ் என்பது ஒரே ஓர் அறை. நடுவில் துருப்பிடித்த மோட்டார், சுவரில் உடைந்த மீட்டர் பெட்டி. சன்னல் இடைவெளிகளில் சங்கத்துக்காரர்கள் துண்டையும் தொப்பியையும் அடைத்திருந்தார்கள். கொக்கு சார் கதவைத் திறந்து மூவரையும் உள்ளே இழுத்து மறுபடி சாத்தினார். அவருக்கும் காதிலும் உதட்டிலும் கொட்டியிருந்தது. உதடு அதற்குள் வீங்கி, இருந்த இடத்தைவிட்டு எங்கேயோ போயிருந்தது. உள்ளே வருமுன்பே ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை, சைகையில்தான் புரிந்தது.

"கொடுக்கு எதையும் பிடுங்காதீங்க, சுரண்டி எடுங்க" என்றாள் மருந்தக்கா. அடையாள அட்டையின் விளிம்பால் எப்படிச் சுரண்டுவது என்று காட்டிவிட்டு, முதலுதவிப் பையைத் திறந்தாள்.

பையில் அட்ரினலின் ஊசிமருந்து ஓர் ஆம்பியூல், சின்னக் கண்ணாடிக் குப்பி, இருந்தது. ஒன்றே ஒன்று. தேனீ இருக்கிற இடமாயிற்றே, யாருக்காவது ஒன்று இரண்டு கொட்டி ஒத்துக்கொள்ளாமல் போனால் இருக்கட்டும் என்று கடையிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். ஒரு ஆம்பியூலில் பெரியவர்களுக்கு இரண்டு தடவை போடலாம். எத்தனையோ மருத்துவமனைகளுக்கு அதை விற்றிருக்கிறாள். தன் கையால் ஒருவருக்கும் போட்டதில்லை. போடவும் கூடாது, அவள் மருத்துவர் இல்லை. தெரிந்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கலாமென்று கைபேசியை எடுத்தாள். அந்தச் சுவர்களுக்குள் சிக்னல் வரவில்லை. வெளியே போய்ப் பேச முடியாது.

கம்ப்ரசர்க்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு விடும்போது விசில் சத்தம் வந்தது. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. அவள் ஆம்பியூலின் கழுத்தை உடைத்தாள். பாதியை ஊசியில் ஏற்றி, காற்சட்டைக்கு மேலேயே அவர் தொடையின் வெளிப்பக்கம் குத்தினாள். மீதியை இன்னொரு ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

விசில் சத்தம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, சரியாகவில்லையென்றால் இரண்டாவதையும் போட வேண்டும். அவளுக்கு அது தெரியும். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து கொழுந்தனின் குரல் வந்தது.

"அண்ணி, நாக்கு தடிக்குது."

திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு நேரம் நின்றுகொண்டு மற்றவர்களுக்குக் கொடுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் மூடிவிட்டன. கழுத்தெல்லாம் தடிப்பு. வாந்தி எடுத்தான். கல்லூரிப் பையனாக இருந்தபோது, அவள் கல்யாணமாகி வந்த வீட்டில், அவளை முதன்முதலில் அண்ணி என்று கூப்பிட்டவன் அவன்.

ஊசியில் இருந்தது ஒருவருக்கு மட்டும்.

"அவருக்கே போடுங்க" என்றான் கொழுந்தன். சொல் குழறியது. "எனக்கு வேணாம்."

அறையில் இருந்த எல்லோரும் அவளையே பார்த்தார்கள். கம்ப்ரசர்க்காரர் பார்க்கவில்லை, அவரால் பார்க்க முடியவில்லை. அவருக்கு ஒரு தடவை போட்டாயிற்று, நாடி கைக்குக் கிடைக்கிறது. இவனுக்கு ஒன்றுமே போடவில்லை. மூச்சுக்குழாய் அடைத்துவிட்டால் பிறகு போட்டும் பயனில்லை. இப்படித்தான் அவள் யோசித்தாள். சரியான யோசனைதான் என்று பின்னால் டாக்டர்களும் சொன்னார்கள். ஆனால் ஊசியைக் கொழுந்தனின் தொடையில் இறக்கியபோது, தான் கணக்குப் பார்த்து இறக்கினாளா, சொந்தம் என்று இறக்கினாளா என்பது அவளுக்கே தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் பின்பக்கச் சாலையில் வந்து நின்றது. வெளியே தேனீக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததால் அதிலிருந்தவர்கள் இறங்கத் தயங்கினார்கள். அந்தக் காத்திருப்புதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. ஒரு கையில் இவன் மணிக்கட்டு, ஒரு கையில் அவர் மணிக்கட்டு. கம்ப்ரசர்க்காரரின் மூச்சு மறுபடி இறுகத் தொடங்கியது. அவளிடம் காலி ஆம்பியூல்தான் இருந்தது. கடைசியில் கொக்கு சார் தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போய், வண்டியைப் பின்பக்கமாகவே வரவைத்து, கதவுக்குக் கதவு ஒட்டி நிறுத்தவைத்தார்.

மருத்துவமனையில் கம்ப்ரசர்க்காரரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட்டமாகக் கொண்டுபோனார்கள். கொழுந்தனைப் பக்கத்து வார்டில் போட்டார்கள். அவளுக்கும் ஒரு ஊசி போட்டு, கையில் மருந்து தடவி வெளியே உட்காரவைத்தார்கள். மதியத்துக்குள் அவள் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து ஓடி வந்தார். ஓரகத்தி வந்தாள். வந்தவள் நேராக வார்டுக்குள் போய்ப் புருஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். அந்த முகத்தில் கண் எது, கன்னம் எது என்று தெரியாது. அவள் அழவில்லை.

"உங்களுக்கு மனுஷங்கள விட அந்தப் பூச்சிங்கதான் பெருசு, இல்லக்கா?"

துளை போடச் சொன்னது யார் என்று மருந்தக்கா அப்போது சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் எப்படிச் சொல்வது?

கொஞ்ச நேரம் கழித்து வேறொரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தையல் கடையில் வேலை செய்கிறவள் போலிருந்தது, புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கம்ப்ரசர்க்காரரின் மனைவி. நீங்கள்தான் அவருக்கு ஊசி போட்டீர்களாமே என்று மருந்தக்காவின் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்கள், ஆனால் அந்த ஊசி இல்லையென்றால் இங்கே வரைக்கும்கூட வந்திருக்க மாட்டார் என்றார்கள் என்று சொன்னாள். மருந்தக்காவுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இழுக்கவில்லை. இரண்டாவது ஊசியைப் பற்றி இவளிடம் எப்போதாவது சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பிற்பகலில் கமிஷனர் வந்தார். கூடவே இரண்டு அதிகாரிகள். நல்லவிதமாகவே பேசினார். எல்லோருக்கும் நல்ல சிகிச்சை கிடைக்கும், கவலை வேண்டாம் என்றார். பிறகு மருந்தக்காவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்துக்கு வந்தார். பொழுது சாய்ந்ததும் தீயணைப்புத் துறையினர் வந்து கூடுகளைக் கொளுத்திவிடுவார்கள். ஆபத்தை அப்படியே விட்டுவைத்துப் பாதையைத் திறக்க முடியாது. திறப்பு விழா சொன்ன தேதியில் நடக்கும்.

"உங்க தலைவர் சரின்னுட்டார்" என்றார். "பத்திரிகைக்காரங்க கேட்டாங்கன்னா, காண்ட்ராக்டரோட ஆள் யாரையும் கேக்காம துளை போட்டுட்டார்னு சொல்லியிருக்கோம். நீங்களும் அதையே சொல்லிடுங்க. உங்க கொழுந்தனுக்கும் அதான் நல்லது."

கமிஷனருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. துளை போடும்படி அவரே கொழுந்தனிடம் நேரடியாகச் சொன்னாரா, சொல்லாமல் சொன்னாரா என்பது தெரியவில்லை. எப்படியிருந்தாலும் பழி போய் விழுகிற இடம் ஒன்றுதான். வாயில் குழாயோடு படுத்திருக்கிறவர் தலையில்.

வீட்டுக்காரர் அவளைச் சன்னல் பக்கம் அழைத்துப் போனார். சத்தமே இல்லாமல் வாழ்கிற மனிதர், அன்றைக்கும் சத்தம் போடவில்லை. "இப்ப ஒண்ணும் பேசாத. அவன் பொழச்சதே பெருசு. வேலை போயிட்டா என்ன பண்ணுவான்?" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. கொழுந்தன் அவருடைய கூடப் பிறந்த தம்பி.

அவள் வார்டுக்குள் போனாள். ஓரகத்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து புருஷனின் கையில் ஐஸ் ஒற்றிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொழுந்தனால் கண் திறக்க முடியாவிட்டாலும் காலடியை வைத்தே தெரிந்துகொண்டான்.

"அண்ணியா?"

கமிஷனர் சொன்னதை அவள் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். நீ இதைச் செய், அதைச் செய் என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நின்றாள். சங்கத்து ஆட்கள் காலையிலேயே வருவதை அவனுக்குச் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய் என்றாள். அவன் கம்ப்ரசர்க்காரரைப் பற்றித்தான் கேட்டான்.

"அவரு எப்படி இருக்காரு?"

"மூச்சுக்குக் குழாய் வெச்சிருக்காங்க. இன்னும் ஒண்ணும் சொல்லல."

மருந்து இறங்குகிற குழாயில் சொட்டு விழுவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கமிஷனரை வரச் சொல்லுங்கள் என்றான். ஓரகத்தி பதறிவிட்டாள். உங்களுக்குப் பைத்தியமா, எதுவாக இருந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், யாரோ ஒருத்தருக்காக எங்களை நடுத்தெருவில் நிறுத்தாதீர்கள் என்று அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவன் அந்தக் கையை விடவில்லை.

"அவரு இடுப்புல கயிறக் கட்டினதே நான்தாம்மா" என்றான். "வேணாம் சார், உதறிட்டு ஓட முடியாதுன்னாரு. நான்தான் பாதுகாப்புன்னு இறுக்கிக் கட்டினேன்."

ஓரகத்தி ஐஸை எடுத்து மறுபடி அவன் கையில் ஒற்றத் தொடங்கினாள்.

கமிஷனர் வந்தார். பின்னாலேயே வீட்டுக்காரரும், காதில் கட்டோடு கொக்கு சாரும் வந்தார்கள். கொழுந்தன் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்தே பேசினான்.

"சார், துளை போடச் சொன்னது நான். அந்த ஆள் மேல ஒரு தப்பும் இல்ல. யார் கேட்டாலும் இதத்தான் சொல்வேன்."

"மருந்து மயக்கத்துல பேசறீங்க. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிக்காமதான் சார் காலைல சொல்லிட்டேன்."

அவன் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே சொன்னான். நாணல் முழுக்கக் காய்ந்து கிடக்கிறது, அந்தக் காற்றில் தீப்பந்தம் கொண்டுபோனால் தீ பாறையோடு நிற்காது, பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற வீடுகள் வரைக்கும் போகும், அந்த இடத்துக்குப் பொறுப்பான இஞ்சினியர் என்ற முறையில் தான் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றான். வேண்டுமானால் வேறு யாரையாவது பொறுப்பில் போட்டுக் கொளுத்திக்கொள்ளுங்கள் என்றான்.

கமிஷனர் மருந்தக்காவைப் பார்த்தார். "உங்க சங்கமே ஒத்துக்கிட்ட விஷயம்மா இது."

அவள் கொக்கு சாரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்குப் பயம் இல்லாமலில்லை. அவர் காது இரண்டு காது அளவுக்கு வீங்கியிருந்தது. ஆனாலும் வீங்கிய உதட்டைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, இந்த உதட்டோடு தான் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் கேட்டிருக்கும், தயவுசெய்து அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை.

கமிஷனர் வெளியே போனார். வராந்தாவில் அவர் கைபேசியில் பேசுகிற சத்தம் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அன்று பொழுது சாய்ந்தபோது வீட்டுக்காரரை ஏரிப் பக்கம் அனுப்பிவைத்தாள். தீயணைப்பு வண்டி எதுவும் வரவில்லை என்று அவர் சொன்னார். தேனீக்கள் திரும்பிக் கூட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டன என்றார்.

கம்ப்ரசர்க்காரர் பிழைத்துக்கொண்டார். குழாயை எடுத்த அன்று மருந்தக்கா அவரைப் பார்க்கப் போனாள். இரண்டாவது ஊசியைப் பற்றி அவரிடமும் அவர் மனைவியிடமும் சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனைவி தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்தாள். அவர் தொண்டை புண்ணோடு, சார் நல்லா இருக்காரா என்று மட்டும் கேட்டார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கொழுந்தனைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். விசாரணை முடிந்து, சாக்கடைப் பிரிவுக்கு மாற்றிப் போட்டார்கள். அவன் மறுபேச்சு இல்லாமல் போய்ச் சேர்ந்தான். ஓரகத்தி நீண்ட நாள் மருந்தக்காவோடு பேசவில்லை. கடையில் மருந்து வாங்க வேண்டியிருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்புவாள். சங்கத்திலும் கூச்சல் எழுந்தது. உயிர் போகிற இடத்தில் பாதை எதற்கு என்று சிலர் விலகிப் போனார்கள். செயலாளரை மாற்ற வேண்டுமென்று ஒருவர் எழுந்து கேட்டார். தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள், யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். அதற்கு யாரும் கை தூக்கவில்லை.

மழை வந்தது, தேனீக்கள் போயின. புது இஞ்சினியர் ஒரு பெண், வந்ததும் முதல் வேலையாகச் சங்கத்தை அழைத்துப் பேசினாள். பாறையின் இடுப்பில் படிக்கட்டு வேண்டாம், கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்கு மேல் மரப்பலகைப் பாதை போடலாம், தேனீ இருக்கிற காலத்தில் அந்த மரப்பாதையின் இரண்டு முனையிலும் கதவைப் பூட்டிவிடலாம் என்று முடிவாயிற்று. விழா எதுவும் வைக்கவில்லை. ஒரு நாள் காலையில் பூட்டைத் திறந்துவிட்டார்கள், ஆட்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். அடுத்த பருவத்தில் தேனீக்கள் திரும்பி வந்தபோது மறுபடி பூட்டினார்கள். பூட்டைப் பார்த்துத் திட்டிக்கொண்டு திரும்பியவர்களும் உண்டு.

கொழுந்தன் அந்தப் பாதையில் இன்னும் நடக்கவில்லை. ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எந்தத் தெருவில் என்ன வேலை தொடங்கினாலும் முன்னதாக அண்ணியைக் கைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவான். அண்ணி, நாளைக்கு மார்க்கெட் பின்னாடி அடைப்பு எடுக்கறோம், அங்க ஏதாவது இருக்கா என்பான். அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். ஒன்றும் இல்லை, எடுத்துக்கொள் என்பாள் அவள். கடையில் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றாலும் அவன் வைக்கிறவரை அவள் வைக்க மாட்டாள்.